இருட்டிலும் நிற்காத பாடம்

ஆதிகேசவனைப் பள்ளிக்கூடக் கமிட்டியில் போட்டதே அவர் வாயை அடைக்கத்தான். சின்னக் காஞ்சிபுரத்துக் குளத்தங்கரைப் பள்ளியில் தண்ணீர்த் தொட்டி பாசி பிடித்துக் கிடந்தது. ஆண்டு விழா அன்றைக்கு விறுவிறு என்று மேடை ஏறி, மைக்கைப் பிடித்து அதைச் சொல்லிவிட்டார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த விருந்தாளி இறங்கிப் போய்த் தொட்டியை எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. மறு மாதமே, ஓரிக்கைப் பக்கத்துப் பெற்றோர் சார்பாக என்று சொல்லி அவருக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவன் கத்தமாட்டான் என்று நினைப்பு. ஆதிகேசவன் உட்கார்ந்துகொண்டே கத்தினார்.

அவர் படித்தது ரெண்டாங்கிளாஸ், அதுவும் பாதி. கையெழுத்துப் போடுவார். பஸ் நம்பர் பார்ப்பார். அதற்கு மேல் எழுத்தெல்லாம் அவருக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். அதை அவர் ஒளித்துவைத்ததும் இல்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படிச்சுச் சொல்லு. மாத்திச் சொன்னா பல்லைக் கழட்டிடுவேன்" என்பார்.

அவருக்கு எரிச்சல் எல்லாம் மகன் வசந்த் விஷயத்தில்தான். எட்டு வரைக்கும் அவனை 'பாஸ், பாஸ்' என்று தள்ளித் தள்ளி விட்டார்கள். பிறகு ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்குப் போனான். முதலாளி ஒரு பலகையை எடுத்துக் கொடுத்து, "இதுல இருக்கிற ஊரையெல்லாம் படிப்பா" என்றார். பலகையைப் பிடித்துக்கொண்டு வசந்த் நின்ற நிலையைக் கூடப் போயிருந்த ஆதிகேசவன் பார்த்தார். எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போன பிள்ளை, அப்பனைப் போலவே எறும்பு பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறான். எப்போதாவது ஊருக்கு வருவான்.

வசந்தின் பெண் சந்தியா அதே குளத்தங்கரைப் பள்ளியில் ஒண்ணாங்கிளாஸ். இவளும் ஒரு நாள் அப்படி ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஆதிகேசவன் கமிட்டியில் இருந்தது அது ஒன்றுக்காகத்தான்.

தொண்ணூற்றெட்டில் பள்ளிக்கூடம் ஒரு முடிவு எடுத்தது. எல்.கே.ஜி. தொடங்கி அஞ்சாவது வரைக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுக்க இனி ஒரே முறைதான். எந்த வகுப்பில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று மேலிடத்தில் ஓர் அடைவு அட்டவணை போட்டிருக்கிறார்களாம். அதற்குப் பொருந்துகிற முறையாகவும் இருக்க வேண்டும். ரெண்டு முறை வந்தது. ஒன்று மெட்ராஸ் கம்பெனியின் வண்ணப் புத்தகத் திட்டம்: வழவழ தாளில் கதைப் புத்தகம், பாட்டு கேசட், டேப் ரிக்கார்டர், சுவரில் மாட்ட அட்டவணை. இன்னொன்று செங்கல்பட்டுப் பக்கம் நாலைந்து வாத்தியார்கள் சேர்ந்து செய்த எழுத்து அட்டை. வெறும் அட்டைதான், படமும் இல்லை பாட்டும் இல்லை. பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துத் தன் வீட்டுச் சாமான் பேரைத் தானே படிக்க வேண்டும். ஒண்ணாங்கிளாஸ் ஏ பிரிவில் புத்தகமும் பி பிரிவில் அட்டையும் அரை வருஷம் நடத்திப் பார்த்து, கமிட்டி முன்னால் பிள்ளைகளைப் படிக்கவைத்து, எது தேவலையோ அதை எடுத்துக்கொள்வது என்று பேச்சு.

சந்தியா ஏ பிரிவு. டீச்சர் மரகதவல்லி. அந்த அம்மா திவ்வியப் பிரபந்தம் சொல்கிற குடும்பத்தில் பிறந்தவள். அந்தக் குடும்பங்களில் பாடம் சொல்கிற விதமே தனி. பெரியவர் ஒரு தடவை சொல்லுவார், சின்னவர்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். புத்தகம் கிடையாது. பெருமாள் வீதி புறப்படுகிறபோது முன்னால் போகிற கோஷ்டியில் எவனாவது புத்தகத்தைப் பிரித்தால் மரியாதை போயிற்று. நடுவில் தடுக்கினால் மானமே போயிற்று. மரகதவல்லியின் கையில் கம்பெனிப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அவள் தனக்குத் தெரிந்த வழியில் ஒரு தடவை சொன்னாள். பிள்ளைகள் இரண்டு தடவை சொன்னார்கள். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. அந்த ஊர் அப்படி.

ஓரிக்கையில் ஆதிகேசவனின் மருமகள் அம்சாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சாயங்காலம் ஆனால் பெண்ணைப் புத்தகமும் கையுமாகக் கூடத்தில் உட்காரவைத்துவிடுவாள்.

"மாமா, கேளுங்களேன். எப்படிப் படிக்கிறா பாருங்க."

சந்தியா காலை நீட்டிக்கொண்டு, புத்தகத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு, கணீரென்று தொடங்குவாள். "குட்டி யானை குளிக்கப் போனது. குளத்தில் ஒரு மீன் சிரித்தது. ஏன் சிரித்தாய் என்று யானை கேட்டது…"

ஆதிகேசவன் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்பார். வாயைத் திறந்து பாராட்டமாட்டார். ஆனால் அந்த நேரத்தில் யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்து போகவும் மாட்டார்.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. சந்தியா பாதிக் கதையில் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. கூடத்தில் கண்ணுக்கு எதிரே கை தெரியாத இருட்டு. அம்சா அடுப்படியில் தீப்பெட்டி தேடினாள். கூடத்தில் குரல் மட்டும் நிற்கவே இல்லை.

"…உன் காது பெரிய காது, அதில் தண்ணீர் போகும் என்று மீன் சொன்னது. யானை காதை மூடிக்கொண்டது…"

ஆதிகேசவன் எழுந்து உட்கார்ந்தார்.

"சந்தியா."

"…குளத்தில் இறங்கியது…"

"யம்மா, சந்தியா! இருட்டுல எப்படிமா படிச்சிக்கினு இருக்கிற?"

குரல் நின்றது. "நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு மிஸ் சொல்லிக்கிறாங்க தாத்தா" என்றது இருட்டு.

அம்சா சிம்னி விளக்கோடு வந்தாள். சந்தியாவின் மடியில் புத்தகம் தலைகீழாக இருந்தது. இருட்டில் எப்போதோ நழுவி விழுந்ததை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆதிகேசவன் புத்தகத்தை எடுத்து நேராகத் திருப்பி வைத்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் இருட்டு எது, வெளிச்சம் எது என்று தெரியும். வசந்தும் இப்படித்தான் கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்குக் கரண்ட் போகவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பள்ளியின் செயலர் சக்ரவர்த்தியைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு சன்னதித் தெருவுக்குப் போனார். சக்ரவர்த்தி ரிட்டையரான தமிழ்ப் பண்டிதர். கோஷ்டியில் முன்வரிசையில் நிற்கிறவர். அவர் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. கம்பெனி ஆள் இளங்கோவனுடையது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆதிகேசவன் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. அப்படியே திருப்பினார். 'ஓகோ, விஷயம் இப்படிப் போவுதா' என்று நினைத்தார். அப்படி நினைத்தது அவர் புத்தி. மனுஷன் என்றால் விலை இருக்கும், இல்லையென்றால் அவன் இன்னும் சந்தைக்கு வரவில்லை என்பது அவர் கணக்கு. பாதி நேரம் அந்தக் கணக்கு சரியாகத்தான் வரும். அதனால்தான் அவருக்கு அதை விட மனசு வரவில்லை.

சொல்ல வேண்டியதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கமிட்டியில் போட்டு உடைக்கிறேன் பார் என்று காத்திருந்தார்.

அந்த நாளும் வந்தது. பெரிய வகுப்பறையில் பெஞ்சைச் சுவரோரம் தள்ளி, கமிட்டிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பெற்றோர் ஜன்னல் வரைக்கும் நின்றார்கள். அம்சா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சுவரில் இளங்கோவன் கலர் கலராக அடைவு அட்டவணையை மாட்டியிருந்தான்.

முதலில் பி பிரிவு. டீச்சர் கங்கையம்மாள் வயசானவள், சுருக்கமாகப் பேசுகிறவள். அர்ஜுனன் என்று ஒரு பையனைக் கூப்பிட்டு, கமிட்டிக்காரர் ஒருவரைப் பார்த்து, "நீங்களே ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்றாள். அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பையன் அதை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டான்.

"அ…ண்…ண…ன். அண்ணன். க…டை…க்…கு. கடைக்கு." மூச்சு வாங்கினான். "போ…போ…"

ஜன்னலில் யாரோ, "போவானா மாட்டானா, கடை மூடிடப் போறாங்கப்பா!" என்றார்கள். அறையே சிரித்தது. பையன் காது சிவந்துபோனான். இருந்தாலும் சீட்டை விடவில்லை. "போனான். அண்ணன் கடைக்குப் போனான்" என்று முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். யாரும் கை தட்டவில்லை. கங்கையம்மாள் மட்டும் அவன் தலையில் கை வைத்தாள்.

பிறகு ஏ பிரிவு. சந்தியா முன்னால் வந்து புத்தகத்தைப் பிரித்தாள். குட்டி யானை குளிக்கப் போனது. ஒரு தடுக்கல் இல்லை. மீன் சிரிக்கிற இடத்தில் குரல் ஏறி, யானை காதை மூடுகிற இடத்தில் இறங்கியது. சக்ரவர்த்தி கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் விரலால் தாளம் போட்டுக் கேட்டார். முடிந்ததும் கை தட்டலில் ஓடு அதிர்ந்தது. அம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன உச்சரிப்பு! என்ன ஓட்டம்! குழந்தை இப்படின்னா வாசிக்கணும்" என்றார் சக்ரவர்த்தி.

ஆதிகேசவன் எழுந்தார். இருட்டில் படித்த கதையை அவர் அப்போது சொல்லியிருக்கலாம். அது ஒன்றே போதும். ஆனால் அவர் வாயில் முதலில் வந்தது வேறு.

"எவ்ளோ வாங்கினே சாமி?"

சக்ரவர்த்தி திரும்பிப் பார்த்தார்.

"என்ன கேக்கறேள் நாயக்கரே?"

"கம்பெனிக்காரங்கிட்ட எவ்ளோ வாங்கினேன்னு கேக்கறேன். அவன் வண்டி உன் வாசல்ல நின்னுக்கினு இருந்துச்சு. நான் கண்ணால பார்த்தேன்."

சக்ரவர்த்தியின் முகம் வெளுத்தது. இளங்கோவன் துள்ளி எழுந்தான். "ஐயா, மரியாதையா பேசுங்க. எங்க அம்மாவைப் பெருமாள் சேவிக்க அழைச்சுக்கினு வந்தேன். அவங்களால நடக்க முடியல. சார்தான் வீட்டுல உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தாரு."

"ஆமாமா, தண்ணி!"

நாலாபுறமும் சத்தம் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலேதான் ஆதிகேசவன், "இந்தப் புள்ள படிக்கலப்பா, ஒப்பிக்குது! கரண்ட் போனாலும் ஒப்பிக்குது! வேணும்னா பாருங்க!" என்று கத்தினார். யார் காதிலும் விழவில்லை. அவர் நேராகப் போனார். மேஜைமேல் இளங்கோவன் பரப்பியிருந்த புத்தகங்களில் கைக்கு வந்ததை உருவினார். சந்தியாவின் கையில் இருந்ததைப் பிடுங்கிவிட்டு அதை வைத்தார்.

"இதைப் படிமா."

பிள்ளை புத்தகத்தைப் பார்த்தாள். பிரிந்த பக்கத்தில் யானை இல்லை, மீன் இல்லை, படமே இல்லை. தாத்தாவைப் பார்த்தாள். மரகதவல்லி மிஸ்ஸைப் பார்த்தாள். நடுவில் நிறுத்தக் கூடாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அதே கணீர்க் குரலில் தொடங்கினாள்.

"குட்டி யானை குளிக்கப் போனது. குளத்தில் ஒரு மீன் சிரித்தது…"

ஜன்னலில் ஒருத்தி சிரித்தாள். அது பரவியது. அர்ஜுனனுக்குச் சிரித்ததைவிட இது பெரிய சிரிப்பு. சந்தியா நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் கட்ட, யானையைக் குளத்தில் இறக்கிவிட்டுத்தான் ஓய்ந்தாள். அம்சா ஓடி வந்து பெண்ணை இழுத்து, அவள் முகத்தைத் தன் புடவையில் புதைத்துக்கொண்டாள்.

இளங்கோவன் அந்தப் புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"ஐயா, இது மூணாங்கிளாஸ் புத்தகம். ஒண்ணாங்கிளாஸ் பாப்பாகிட்ட குடுக்கறீங்க. உங்களுக்குத் தெரியலைன்னா கேக்கக் கூடாதா?"

ஆதிகேசவன் அந்த அட்டையையே பார்த்தார். எறும்பு ஊர்ந்தது.

இளங்கோவன் சுவரில் இருந்த அட்டவணையைத் தொட்டுக் காட்டினான். "ஒண்ணாம் வகுப்பு, முதல் அரையாண்டு. கேட்டதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொல்லுதல். பாப்பா அதைத்தான் பிழையில்லாம செஞ்சா. எழுத்துக் கூட்டறது இதோ, அடுத்த கட்டத்துல வருது. எல்லாத்துக்கும் கட்டம் இருக்குதுங்க."

எல்லோரும் அட்டவணையைப் பார்த்தார்கள். கட்டம் இருந்தது.

"அப்போ ஒண்ணாங்கிளாஸ் புஸ்தகத்துலயே வேற பாடம் குடுங்க" என்று கங்கையம்மாள் எழுந்தாள். ஆனால் அப்போது சக்ரவர்த்தியும் எழுந்துவிட்டார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் சந்தியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, அது முகத்திலேயே தெரிந்தது. ஆயுசு முழுக்கப் புத்தகம் இல்லாமல் சொல்லியே பழகிய மனுஷன். பிள்ளை எதைப் பார்த்து எதைச் சொல்கிறது என்று அவருக்கா தெரியாது?

"நாயக்கரே, நான் இப்போ இந்தத் திட்டம் வேண்டாம்னு சொன்னா, வாங்கினது வெளியில வந்துடுத்து, பயந்துட்டான்னு ஊர் சொல்லும். வேணும்னு சொன்னா, வாங்கினதுக்குக் கூலி குடுக்கறான்னு சொல்லும். எனக்குச் சொல்ல வாய் இல்லாமப் பண்ணிட்டேள்" என்றார். மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "நான் கை தூக்கலை. மத்தவா பாத்துக்குங்கோ."

வெளியே போய்விட்டார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வழவழ புத்தகத்துக்குக் கைகள் எழுந்தன. வேண்டாம் என்று எழுந்தது ஆதிகேசவனின் கை ஒன்றுதான்.

கங்கையம்மாள் அட்டைகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டினாள். வாசலில் ஆதிகேசவனைப் பார்த்து நின்றாள்.

"சக்ரவர்த்தி சார் என்கிட்ட முந்தாநாள் சொன்னாரு, இன்னும் அரை வருஷம் ரெண்டையும் வெச்சுப் பார்க்கலாம், அவசரம் வேணாம்னு. அவருகிட்ட போயி கரண்ட் போன கதையைச் சொல்லியிருந்தீங்கன்னா போதும். நீங்க என்னடான்னா அந்த மனுசனையே திருடன்னீங்க."

"எனக்கு எப்படிமா தெரியும்?"

"தெரியாதவரு கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ஒரு நாளில் ரெண்டாவது தடவையாக அதே பேச்சு. அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

வீட்டில் அம்சா பொரிந்து தள்ளினாள். "உங்க புள்ளையப் பஸ்காரன் நிக்க வெச்சான். எம் பொண்ணை நீங்களே நிக்க வெச்சுட்டீங்க மாமா."

ஜூன் மாசம் எல்.கே.ஜி.யிலிருந்து அஞ்சாவது வரைக்கும் வண்ணப் புத்தகம் வந்தது. கங்கையம்மாளை எல்.கே.ஜி.க்கு மாற்றிக் கேசட் போடச் சொன்னார்கள். சந்தியா ரெண்டாங்கிளாஸ் போனாள். அந்தக் கமிட்டி நாளிலிருந்து தாத்தா வந்தால் புத்தகத்தை மூடிக்கொண்டிருந்த பிள்ளை, ஆடி மாசம் வந்தபோது மறுபடியும் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். இப்போது வேறு கதை. ஒரு காகமும் கடிகாரமும். விரலை வரிமேல் வைத்து நகர்த்திக்கொண்டு வாசித்தாள்.

ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. குரல் உடனே நின்றது. இருட்டில் ஒரு சத்தம் இல்லை. கரண்ட் வந்து விளக்கு எரிந்ததும் விட்ட இடத்திலிருந்து குரல் கிளம்பியது.

"பாத்தீங்களா மாமா?" என்றாள் அம்சா. "நின்னுட்டா இல்ல? இப்போ படிக்கிறா."

ஆதிகேசவன் கட்டிலை விட்டு எழுந்து வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தார். விரலுக்குக் கீழே எறும்பு. அந்த எறும்பும் அவள் வாயில் வருகிற வார்த்தையும் ஒன்றுதானா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. கேட்கவும் ஆள் இல்லை. யாரைக் கேட்டாலும், சொன்னால் நம்புகிற புத்தி இல்லை.

சுவரோரம் போய் சுவிட்சை அமுக்கினார். இருட்டு. குரல் நின்றது. மறுபடி அமுக்கினார். வெளிச்சம். குரல் கிளம்பியது. மறுபடியும் அணைத்தார், மறுபடியும் போட்டார்.

"இன்னா மாமா இது, குழந்தையாட்டம்!"

வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தார். சந்தியாவின் விரல் வரியில் நகர்ந்துகொண்டிருந்தது. வாயில் காகம் கடிகாரத்தோடு கணீரென்று பேசிக்கொண்டிருந்தது. அவள் கண் மட்டும் புத்தகத்தின் மேல்விளிம்பைத் தாண்டி, சுவிட்சின்மேல் இருந்த அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.